கொட்டகையில் கிடக்கும் மோரிஸ் மைனர்: எழுப்புவதா, புதுசாக்குவதா, விற்பதா?

இரண்டு வருஷம் முன்பு எங்கள் வீட்டுப் படைப்புக்காக, அதாவது முன்னோருக்குப் படையல் வைக்கும் நாளுக்காக, பங்காளிகள் எல்லாரும் பள்ளத்தூரில் கூடியிருந்தோம். பந்தி முடிந்து, வளவில் தூணுக்கு ஒருவராகச் சாய்ந்திருந்த நேரம். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த பொடியன் ஒருவன் தலையெல்லாம் ஒட்டடையோடு ஓடிவந்தான். "பின்னாடி கொட்டகைல ஒரு கார் இருக்கு, அது யாரோடது?"

யாருடையது என்பதற்கு இன்றுவரை சரியான பதில் இல்லை. என்ன கார் என்பதற்கு உண்டு. ஐயா, அதாவது எங்கள் தாத்தா, மலேயாவின் ஈப்போவிலிருந்து திரும்பி வந்து 1950-ல் வாங்கிய மோரிஸ் மைனர். எம்.எம். என்று சொல்லும் முதல் மாடல். ஹெட்லைட் இரண்டும் மட்கார்டின் மேலே இல்லாமல் கிரில்லுக்குப் பக்கத்திலேயே தாழ்வாக இருக்கும். முன்கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டு துண்டாக இருக்கும். கடைசியாக ஓடியது 1987-ல். அதற்குப் பிறகு அதன் மேல் கிழிந்த பாய், ஊஞ்சல் பலகை, கல்யாணப் பாத்திரம் கட்டிய சாக்கு என்று ஒவ்வொன்றாக ஏறிவிட்டது.

அரை மணி நேரத்தில் ஐந்து யோசனைகள் வந்தன. பெரியப்பா, கடைசி நட்டு வரை கழற்றிப் புதுசாக்க வேண்டும் என்றார். கோயம்புத்தூர்த் தம்பி, பழைய இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டு மாருதி ஆம்னி வேனின் இன்ஜினை வைத்தால் தினமும் ஓட்டலாம் என்றான். அண்ணன் ஒருவர், வந்த விலைக்கு விற்றுவிடலாம் என்றார். பெரியாத்தா, "ஓட்டி என்னத்தப் பண்ணப் போறீக, தொடச்சு முகப்புல நிறுத்துங்க" என்றார்கள். நான் சொன்னது ஒன்றுதான்: முதலில் அது ஓடுமா என்று பார்ப்போம்.

செட்டிநாட்டில் இப்படி ஒரு கார் கிடக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. மோரிஸ், ஆஸ்டின், ஸ்டாண்டர்டு, பழைய ஃபியட் என்று ஏதாவது ஒன்று. ஊருக்கு வரும்போதெல்லாம் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்களுக்காக, இந்த ஐந்து வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நான் நடுநிலைக்காரன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எந்த வழியானாலும் பைசா செலவழிக்கும் முன் இரண்டு இடத்தைப் பார்க்க வேண்டும். ஒன்று அலமாரி, இன்னொன்று காரின் அடிவயிறு.

அலமாரியில் தேட வேண்டியது ஆர்.சி. புத்தகம். எங்களுடையது ஐயா பெயரில் இருக்கிறது. ஐயா போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வண்டி பதிவான காலத்தில் பள்ளத்தூர் ராமநாதபுரம் மாவட்டம். 1985-ல் அந்த மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆகவே பழைய பதிவேட்டைத் தேடுவதே தனி அலைச்சல். உரிமையாளர் இறந்துவிட்டால் படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் வேண்டும். வீட்டைப் போலவே காருக்கும் புள்ளிக் கணக்கு, அதாவது பங்காளிக் குடும்பங்களை எண்ணும் கணக்கு, உண்டு. எங்கள் கணக்கில் ஒன்பது கையெழுத்து. அதில் நான்கு வெளிநாட்டில். பெயிண்ட் என்ன நிறம் என்று பேசும் முன் இந்த ஒன்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். பங்காளி சம்மதம் இல்லாமல் பல லட்சம் போட்ட பிறகு "அது பொதுச் சொத்தாச்சே" என்று ஒரு குரல் வந்தால், படைப்புக்குக்கூட நிம்மதியாகப் போக முடியாது.

அடுத்து, எந்த வகைப் பதிவு. 2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு அது பொருந்தும். வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, பழங்கார் ஊர்வலம், தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். தினசரிப் புழக்கம் கூடாது, வணிகம் கூடவே கூடாது. "கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டுப் போட்ட காசை எடுத்துடலாம்" என்று யாராவது கணக்குப் போட்டால் இந்த இடத்தில் அது உடையும்.

இன்னொரு வழி, எல்லாக் கார்களையும் போல எஃப்.சி. என்ற தகுதிச் சான்று காட்டி, பதிவை ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிப்பது. 20 வருஷம் தாண்டிய காருக்கு அந்தப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். ஆனாலும் பிள்ளையார்பட்டிக்கு நினைத்த நாளில் போய்வரலாம். எந்தப் பதிவு என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம். எந்தக் கதவையும் மூடிவிடாமல் இருந்தால் போதும். மூடுவது எது என்று ஆம்னி இன்ஜின் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

காரின் அடிவயிறு. மோரிஸ் மைனருக்கு லாரி மாதிரித் தனி சேஸிஸ் கிடையாது. தரைத் தகடு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி, முன்னால் இன்ஜினைத் தாங்கும் இரண்டு கால்கள் எல்லாம் சேர்ந்துதான் முதுகெலும்பு. அங்கே துரு தின்றிருந்தால் வெளிப் பளபளப்பு எதற்கும் உதவாது. ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு படுங்கள். குத்திப் பாருங்கள். உள்ளே போனால் வெல்டிங் வேலை, டங் என்று சத்தம் வந்தால் பிழைத்தீர்கள். நம் பக்கத்து வறண்ட காற்றுக்கும் செம்பொறை மண்ணுக்கும் இந்த ஒரு விஷயத்தில் நன்றி சொல்ல வேண்டும். எங்கள் காரில் ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் உள்ளங்கை அகலம் ஒன்று, பின் சக்கர வளைவில் ஒன்று, அவ்வளவுதான் போயிருந்தது. எலிதான் அதிக நாசம் செய்திருந்தது. சீட்டுக்குள் நாலு தலைமுறை குடித்தனம் நடத்தியிருக்கிறது.

இனி வழிகளுக்கு வருவோம். சின்னவற்றை முதலில் முடித்துவிடுகிறேன்.

விற்பது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் நம் வீட்டுக் கதவு, தூண், எனாமல் சாமான் எல்லாவற்றுக்கும் விலை சொல்ல ஆள் உண்டு. காருக்கு வருகிறவர் வேறு ரகம். ஓடாத வண்டி, பேப்பர் தெளிவில்லை என்று இரண்டையும் சொல்லி, காயலான் கடை விலைக்குக் கொஞ்சம் மேலே நிற்பார். எங்களிடம் வந்தவர் தொகையைச் சொல்லும்போது காரைப் பார்க்கவில்லை, கொட்டகையில் கிடந்த பர்மாத் தேக்கு உத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விற்கத்தான் வேண்டும் என்றாலும் தானாக ஓடி வெளியே வரும் நிலையில் விற்பது நல்லது. அதற்கு ஆகும் செலவைவிட விலையில் ஏறும் வித்தியாசம் பெரிது. ஆகவே விற்பவருக்கும் முதல் வேலை எழுப்புவதுதான், அதாவது ஓட வைப்பதுதான்.

முகப்பில் நிறுத்துவது. பெரியாத்தா சொன்னதை யாரும் மதிக்கவில்லை. எனக்கென்னவோ ஐந்தில் இரண்டாவது நல்ல யோசனை அதுதான் என்று படுகிறது. ஒன்பது கையெழுத்து வராது என்று தெரிந்துவிட்ட வீட்டுக்கு இதைவிட மரியாதையான முடிவு இல்லை. ஆனால் நிறுத்துவதற்கும் முறை உண்டு. பெட்ரோலை முழுக்க வடிக்க வேண்டும், பேட்டரியைக் கழற்ற வேண்டும், ஸ்டாண்டு கொடுத்து டயரில் பாரம் இறங்காமல் தூக்கி வைக்க வேண்டும், பிளக் ஓட்டைகளில் ஆயில் விட்டு மாதம் ஒருமுறை இன்ஜினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். இதைச் செய்தால் இன்னும் முப்பது வருஷம் கழித்து வரும் பேரனுக்கும் இதே ஐந்து வழிகள் மிஞ்சியிருக்கும்.

ஆம்னி இன்ஜின். தம்பி இதைச் சும்மா சொல்லவில்லை. மாருதி 800-இல் இன்ஜின் குறுக்காக உட்கார்ந்து முன் சக்கரத்தை ஓட்டும். ஆம்னியில் அதே 796 சி.சி. இன்ஜின் நீளவாக்கில் இருந்து பின் சக்கரத்தை ஓட்டும். அதனால் மோரிஸுக்குள் உட்கார வைக்க ஆம்னிதான் தோது. ஸ்பேர் எந்த ஊரிலும் கிடைக்கும். ஐயாவின் காரில் இருப்பது 918 சி.சி. சைடு வால்வு இன்ஜின். இருபத்தேழு குதிரைச் சக்திதான். மேட்டில் ஏறும்போது பின்னால் வரும் டவுன் பஸ் பொறுமை இழக்கும். இதெல்லாம் உண்மை.

ஆனால் இன்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். புத்தகத்தில் உள்ள இன்ஜின் நம்பர் போனபின் பழங்கால வண்டி என்ற பதிவை மறந்துவிடலாம். கதவு மூடும் என்றேனே, இங்கேதான். அது போக, இன்ஜின் மட்டும் மாறுவதில்லை. கியர்பாக்ஸ், மவுண்டிங், ரேடியேட்டர், புரொப்பல்லர் ஷாஃப்ட், வயரிங் எல்லாம் வெட்டி ஒட்ட வேண்டும். பழைய பிரேக்கை வைத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டுவது வேறு வம்பு. கழற்றிய பழைய இன்ஜின் எங்கே போகும்? "பத்திரமா வெச்சிருப்போம்" என்பார்கள். அடுத்த தீபாவளிக்குள் பழைய இரும்புக் கடையில் எடை போட்டிருக்கும். இன்ஜின் உடைந்து சரிசெய்யவே முடியாது என்று ஆன காருக்கு மட்டும் இந்த வழி. மற்றபடி தினமும் ஓட்ட வண்டி வேண்டுமென்றால் ஓர் ஆம்னியையே வாங்கிக்கொள்ளலாம்.

இப்போது உண்மையான போட்டி. பெரியப்பா சொன்னதா, நான் சொன்னதா? இரண்டையும் ஊரில் ஒரே பெயரால் "ரெடி பண்றது" என்று சொல்லிவிடுகிறார்கள். அங்கேதான் குழப்பம். ஓட வைப்பது ஒரு வேலை, புதுசாக்குவது இன்னொரு வேலை. முதலாவதைச் செய்தபின் இரண்டாவதைச் செய்யலாம். இரண்டாவதில் இறங்கினால் திரும்ப வழியில்லை.

பெரியப்பாவின் வழியைப் பார்க்க நானும் அவரும் வெளியூர் ஒர்க்‌ஷாப் ஒன்றுக்குப் போனோம். நல்ல கூட்டமுள்ள இடம். பாடியைக் கழற்றி, டிங்கரிங் செய்து, பெயிண்ட் அடித்து, இன்ஜின் ரீபோர் செய்து, சீட் தைத்து, குரோம் பூசி, ஒன்பது லட்சம் என்றார்கள். ஒரு வருஷம் ஆகும். அதுகூடப் பரவாயில்லை. எங்கள் காரின் படத்தைப் பார்த்த டிங்கர், "இந்த பம்பர்ல நடுவுல ஒட்டு இருக்கு பாருங்க, யாரோ வெட்டி வெச்சிருக்கான். அத எடுத்துட்டு ஒரே பீஸா பண்ணிடலாம்" என்றார்.

அந்த ஒட்டில்தான் அந்தக் காரின் ஜாதகமே இருக்கிறது. மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸுக்குக் கடைசி நேரத்தில் கார் ஒல்லியாகப் பட்டது. மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நான்கு அங்குலம் தள்ளி வைத்துப் பார்த்தார், பிடித்துவிட்டது. ஆனால் பழைய அகலத்துக்கு பம்பர் ஏற்கெனவே தயாராகியிருந்தது. வீணாக்காமல் அதையும் வெட்டி, நடுவில் ஒரு துண்டு வைத்து அனுப்பினார்கள். பானெட்டின் நடுவில் ஓடும் தட்டையான பட்டையும் அதே நான்கு அங்குலம்தான். தொழிற்சாலையிலேயே போட்ட ஒட்டு அது. தெரியாத கை அதைப் "புதுசாக்கினால்" கார் பளபளக்கும், ஆனால் அதன் வயது அழிந்துவிடும். டிங்கரைக் குறை சொல்லவில்லை. அவர் வாழ்நாளில் அந்த மாடலைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

முழு வேலையில் இன்னொரு ஆபத்து, பாதியில் நிற்பது. உறவில் ஒருவருடைய ஃபியட்டைப் பிரித்துப் போட்டார்கள். முன்பணம் தீர்ந்தது, மேஸ்திரி வேறு ஊருக்குப் போனார். மூன்று வருஷம் கழித்து அது நாலு சாக்கில் திரும்பி வந்தது. சாக்கில் வந்த காரை மறுபடி கோக்க, பிரித்தவரே வர வேண்டும். கொட்டகையில் முழுசாகக் கிடக்கும் கார் சாக்கில் கிடக்கும் காரைவிட எவ்வளவோ மேல்.

சரி, எழுப்புவது எப்படி? இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். வழி தெரிந்தால்தான் செலவும் காலமும் ஒப்பிட முடியும்.

காரைக்குடியில் எழுபதைத் தாண்டிய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எல்லாருக்கும் பாய். முதல் நாள் வந்தவர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "செட்டியாரே, செல்ஃப் போடுறேன், தள்ளி ஸ்டார்ட் பண்றேன்னு யாரும் தொட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும்தான் சட்டையைக் கழற்றினார். ஏறக்குறைய நாற்பது வருஷம் நின்ற இன்ஜினை அவசரமாகச் சுற்றினால் பிஸ்டன் ரிங் உடையும், வால்வு வளையும். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் பாதி டீசலும் பாதி இன்ஜின் ஆயிலும் கலந்து விட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்து வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். நடுவில் நான் தினமும் கொஞ்சம் ஊற்றினேன். ஒன்பதாம் நாள் முன் புல்லியில் ஸ்பேனரை மாட்டி முன்னும் பின்னுமாக அசைத்தபோது ஒரு விரல்கடை நகர்ந்தது. பொங்கல் பானை பொங்கியது போல எல்லாரும் கத்திவிட்டோம்.

சுற்றியது, ஆனால் இரண்டு வால்வு திறந்தபடியே நின்றது. சைடு வால்வின் அருமை அங்கேதான் தெரிந்தது. ஹெட் என்பது வெறும் தட்டை மூடி. கழற்றி வைத்தால் வால்வுகள் பிளாக்கிலேயே கண்ணுக்கு எதிரே இருக்கும். மண்ணெண்ணெய் விட்டு, மரக்கட்டையை வைத்துத் தட்டித் தட்டி இறக்கினார். இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்பைக் கழற்றினால் ஆயில் களி மாதிரி. வழித்தெடுத்துக் கழுவி 20டபிள்யூ-50 ரக ஆயில் ஊற்றி, பிளக் போடாமலே கையால் சுற்றும் ஹேண்டில் போட்டு ஆயில் மேலே ஏறும்வரை சுற்றினோம். லெட் (ஈயம்) கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000-த்தோடு நின்றுவிட்டது. அதை நம்பிச் செய்த வால்வு சீட்டுகள் இவை. மெதுவாக ஓட்டுகிற காருக்கு இப்போதைக்குத் தாங்கும், தேய்ந்தால் பிறகு கெட்டியான சீட் வளையம் வைத்துக்கொள்ளலாம் என்றார் பாய். முழு வேலையில் இறங்கியிருந்தால் இதையும் முதல் நாளே மாற்றி பில் போட்டிருப்பார்கள்.

இந்த இன்ஜினுக்கு வாட்டர் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் தானே மேலே ஏறும், ஆறினது கீழே இறங்கும். அதுதான் அதன் கூலிங். நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு இது தாங்குமா என்று தம்பி சிரித்தான். ஐயா காலத்துச் சித்திரையும் குளிரடிக்கவில்லை. ரேடியேட்டர் அடைப்பில்லாமல் இருந்தால் தாங்கும். எங்களுடையதில் பாதிக் குழாய் உப்பு அடைத்திருந்தது. கழற்றிக் கொடுத்துச் சுத்தம் செய்தோம்.

பெட்ரோல் டேங்கில் பெட்ரோல் இல்லை, வார்னிஷ் இருந்தது. பொடிச் சரளையும் மண்ணெண்ணெயும் போட்டுக் குலுக்கிக் குலுக்கிக் கழுவினோம். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கரைக்கும். அதனால் பெட்ரோல் போகும் ரப்பர்க் குழாய், கேஸ்கட் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றினோம். இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் பம்பை ஆஃப் செய்து, கார்ப்பரேட்டர் காலியாகும்வரை ஓடவிட்டு நிறுத்த வேண்டும்.

மின்சாரத்தில் ஒரு பொறி உண்டு. இந்தக் காலத்து இங்கிலாந்துக் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் எர்த். பழக்கதோஷத்தில் நெகட்டிவை மாட்டிவிடுவார்கள். பேட்டரிக்குப் பக்கத்தில் தமிழில் எழுதி ஒட்டிவிட்டேன். இக்னிஷன் பாயிண்ட்டைத் தேய்த்து இடைவெளி வைத்து, கண்டென்சரும் பிளக்கும் புதிதாக மாட்டி, சாவியைத் திருப்பினால் பெட்ரோல் பம்ப் டக் டக் டக் என்று அடித்து நின்றது. அது நின்றால் கார்ப்பரேட்டர் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். நாலாவது ஹேண்டிலில் பிடித்தது. கொட்டகை முழுக்கப் புகை. பெரியப்பா இருமிக்கொண்டே உள்ளே வந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இன்ஜின் ஓடிய சந்தோஷத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். ஓட்டிப் பார்த்துவிடுவார்கள். ஓடாத காரால் யாருக்கும் ஆபத்தில்லை, நிற்காத காரால் உண்டு. எங்களுக்கு இன்ஜினைவிட பிரேக்குக்குத்தான் அதிக நாள் ஆனது. மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே பெட்டிக் காலுக்குள் ஒளிந்திருக்கும். கழற்றுவதற்கே இரண்டு நாள். முன் சக்கரத்துக்கு இரண்டு, பின் சக்கரத்துக்கு ஒன்று என்று மொத்தம் ஆறு வீல் சிலிண்டர். எல்லாம் உள்ளே அரித்திருந்தது. லேத்தில் கொடுத்து ஸ்லீவ் போட்டு, வாஷர் எல்லாம் புதிதாக மாற்றினோம். பிரேக் ஹோஸ் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். முன் சக்கரத்தைக் கீழே தாங்கும் டிரன்னியன் என்ற மரை போட்ட மூட்டையும் கழற்றிப் பார்க்காமல் விடாதீர்கள். கிரீஸ் இல்லாமல் மரை தேய்ந்தால், திருப்பத்தில் சக்கரம் அப்படியே மடிந்து படுத்துவிடும். இந்தக் காரின் பிரபலமான நோய் அது.

டயர் அளவு 5.00-14. அந்த அளவு கிடைக்காமல், 14 அங்குல ரேடியலில் ஒல்லியானதாகத் தேடிப் போட்டோம்.

துருவுக்கு ஒரு கதை. காரைக்குடியில் துருவையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்தது, 1953-ல் திறந்தது. நமக்கு அது சிக்ரி. அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்துத் தெருக்காரர் ஒருவர், நாங்கள் உப்புத்தாளால் போல்ட்டைத் தேய்ப்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், ரெண்டு கரண்டி சலவை சோடா. துருப்பிடித்த சாமானை பேட்டரி சார்ஜரின் நெகட்டிவில் கட்டு, ஒரு பழைய இரும்புத் துண்டைப் பாசிட்டிவில் கட்டு, இரண்டும் ஒட்டாமல் மூழ்கவிடு. மறுநாள் துரு கறுப்புக் குழம்பாக உதிர்ந்திருக்கும், நல்ல இரும்பு தேயாது. ஹைட்ரஜன் வரும், ஆகவே திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். பாசிட்டிவில் எவர்சில்வர் மட்டும் வைக்கவே கூடாது, விஷமான குரோமியம் தண்ணீரில் இறங்கும் என்று இரண்டு எச்சரிக்கையும் கொடுத்தார். பூட்டு, கீல், பிராக்கெட் எல்லாம் இப்படித்தான் பிழைத்தன.

மொத்தம் ஐந்து மாதம், வாரக் கடைசிகளில். செலவு ஒரு லட்சத்து முப்பதாயிரம். அதில் பாதிக்கு மேல் பிரேக்கும் டயரும். ஒன்பது லட்சத்தோடு ஒப்பிட்டால் இது மலிவு என்பதற்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. ஓட ஆரம்பித்தபின் கார் தானே சொல்கிறது, தனக்கு என்ன வேண்டும் என்று. கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும் என்று ஒர்க்‌ஷாப் பட்டியலில் இருந்தது. ஓட்டினால் ஒரு சத்தமும் இல்லை. மாறாக, யாரும் சொல்லாத பின் ஆக்ஸில் சீல் ஒழுகுகிறது. தெரியாமல் செலவழிப்பதற்கும் தெரிந்து செலவழிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

என் வழிக்கும் குறை உண்டு, மறைக்கவில்லை. பார்க்க இன்னும் அது கொட்டகைக் கார்தான். ஆர்.சி. வேலை முடியாததால் சாலையில் எடுக்க முடியாது. பின் தெருவை ஒட்டிய எங்கள் சொந்தப் பொட்டலில் வட்டமடிக்கிறோம். சீட் எலி தின்றபடியே இருக்கிறது, மேலே ஜமுக்காளம் விரித்து உட்காருகிறோம். தரை முழுக்கத் துரு தின்ற கார் என்றால் என் வழி செல்லாது. அங்கே பெரியப்பா சொன்னதுதான் சரி, முதலில் உடம்பு, பிறகுதான் இன்ஜின். கடற்கரை ஊரில் நின்ற காருக்கு அநேகமாக அப்படித்தான் இருக்கும்.

பெயிண்ட் விஷயத்தில் பெரியப்பா இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை, கொஞ்சம் இளகியிருக்கிறார். காரணம் நான் இல்லை. எழுப்பிய பிறகு ஒருநாள் இடது கதவை ஈரத்துணியால் துடைத்தபோது, கைப்பிடிக்குக் கீழே தங்க நிறத்தில் பொடி எழுத்து தெரிந்தது. எங்கள் வீட்டு விலாசம், அதாவது குடும்பத்தின் முன்னெழுத்துகள். பாத்திரத்தில் வெட்டுவது போல, ஐயா யாரோ ஓவியரை வைத்துக் காரிலும் எழுதியிருக்கிறார். பாதி அழிந்துவிட்டது. கதவைத் தேய்த்துப் பட்டி போட்டால் மீதியும் போகும். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "அந்தக் கதவ மட்டும் விட்டுட்டு அடிக்க முடியுமான்னு பாயக் கேளு" என்றார். பாய் முடியாது என்று சொல்லிவிட்டார். சீட் மட்டும் தைப்பது என்று இப்போதைக்குப் பேச்சு நிற்கிறது.

ஒன்பதில் எட்டுக் கையெழுத்து வந்துவிட்டது. பாக்கி, விற்கச் சொன்ன அண்ணனுடையது. பொட்டலில் ஓடும் வீடியோவை அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, "ஹாரன் அடிக்குதா?" என்று மட்டும் கேட்டு அனுப்பியிருக்கிறார். அடிக்கவில்லை. வியாழக்கிழமை பாய் வருகிறார், பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.